வளையும் பாய்மரம்

கேள்வி: சிறிய பாய்ப்படகின் அலுமினியப் பாய்மரம் பலத்த காற்றில் வளைகிறது. உள்ளே இன்னொரு குழாயைச் செருகினால் சரியாகுமா?

பதில்: ஓரளவுக்குத்தான். குழாயின் சுவரை இருமடங்கு தடிமனாக்கினால் விறைப்பும் ஏறக்குறைய இருமடங்காகும். அதே சுவரோடு விட்டத்தை இருமடங்காக்கினாலோ எட்டு மடங்கு! ஆகவே வெளியே சேர்க்கும் பொருளுக்கே பலன் அதிகம். உள்குழாய்தான் வழி என்றால், அதன் முனையைச் சாய்வாகச் சீவுங்கள். சட்டென்று முடிந்தால் வளைவு அங்கேயே குவிந்து, மரம் அந்த இடத்தில் ஒடியும்.

வெளியே கார்பன் இழை சுற்றுபவர்கள் முதலில் கண்ணாடி இழையை ஒரு அடுக்கு சுற்றியே ஆக வேண்டும். கடல்நீரில் கார்பன் தொட்ட அலுமினியம் அரித்துப்போகும்.

மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் இழுகம்பிகள் உள்ள படகா? முதலில் அவற்றைப் பாருங்கள். தாங்கலற்ற நீளம் பாதியானால், வளையாமல் மரம் தாங்கும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பது கணித மேதை ஆய்லரின் கணக்கு. நடுவில் குறுக்குக்கை வைத்துக் கம்பியை இறுக்குவது மலிவான வைத்தியம்.

வளைவு எல்லாமே கோளாறல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியல் வகைப் படகில் இழுகம்பியே கிடையாது. மரம் வளைந்து பாயைத் தட்டையாக்கி, அதன்மேல் காற்றின் விசையைத் தணிக்கும். காற்று ஓய்ந்ததும் மரம் நிமிராவிட்டால்தான் கவலை.