நோக்கம் உணர்த்தும் தொடர்கள்

நுழையும்முன்
ஒரு செயல் எதற்காக நிகழ்கிறது என்பதை உணர்த்தத் தமிழில் பல வடிவங்கள் உள்ளன. அவை ஒன்றுபோலத் தோன்றினும் பொருளால் வேறுபடுகின்றன. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்யும்போது இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

ஒரு சொல்லும் ஒரு விபத்தும்
இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் இன்று தொழில்நகரமாகவும் விளங்குகிறது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டிலும் ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டிலும் மகிழுந்து ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. இத்தகைய ஆலையொன்றில், ஆங்கில அறிவிப்பு ஒன்று பின்வருமாறு தமிழாக்கப்பட்டதாகக் கொள்வோம்: 'பச்சை விளக்கு எரியக் கதவைத் திறக்கவும்.'

விளக்கு எரிந்ததும் கதவைத் திறக்க வேண்டும் என்று ஒருவர் பொருள் கொள்வார், அவர் காத்திருப்பார். விளக்கு எரிவதற்காகக் கதவைத் திறக்க வேண்டும் என்று மற்றொருவர் பொருள் கொள்வார். அவர் இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் கதவைத் திறந்துவிடுவார். இரண்டும் இலக்கணத்திற்கு உடன்பட்ட பொருள்களே. பிழை படிப்பவரிடம் இல்லை. எழுதப்பட்ட தொடரில் உள்ளது.

செய என்னும் எச்சம்
'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் மூன்று பொருள்களில் வரும்.

'மின்சாரம் தடைப்பட இயந்திரம் நின்றது' – காரணப்பொருள்.
'இயந்திரம் நிற்கப் பொத்தானை அழுத்தினார்' – காரியப்பொருள்.
'சங்கு ஒலிக்கத் தொழிலாளர் நுழைந்தனர்' – உடனிகழ்ச்சிப்பொருள்.

இவற்றுள் காரியப்பொருளே நோக்கத்தை உணர்த்துவது. ஆங்கிலத்தின் 'டு', 'இன் ஆர்டர் டு' ஆகியவற்றில் நோக்கச் செயலைச் செய்பவர் பெரும்பாலும் முதன்மைச் செயலைச் செய்பவராகவே இருப்பார். வினைமுதல் வேறாயின் 'சோ தட்' வரும். தமிழின் 'செய' எச்சமோ இரண்டிற்கும் பொருந்தும். நன்னூல் கூறும் வான், பான், பாக்கு ஈற்று வினையெச்சங்கள் மட்டும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும். 'உண்பாக்கு வந்தான்' என்பதில் உண்பவனும் வந்தவனும் ஒருவனே.

கு – ஆக
நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு', பொருட்டு என்னும் பொருளையும் தரும். தொல்காப்பியம் கூறும் வினையெச்ச வாய்பாடுகளுள் 'செயற்கு' என்பதும் ஒன்று. இன்று அதன் இடத்தில் 'செய்வதற்கு' வழங்குகிறது. அதனோடு 'ஆக' சேரும்போது பொருள் நுட்பமாக மாறுகிறது.

'தம்பிக்குச் சட்டை வாங்கினார்' என்பதில் சட்டையைப் பெறுபவன் தம்பி. 'தம்பிக்காகக் கையெழுத்திட்டார்' என்பதில் தம்பியின் சார்பில் ஒரு செயல் நடைபெறுகிறது. 'இக்கத்தி பட்டை அறுப்பதற்கு' என்பது கருவியின் பயன். 'பட்டை அறுப்பதற்காகக் கத்தியை எடுத்தார்' என்பது எடுத்தவரின் நோக்கம். ஆங்கிலத்தில் 'ஃபார்' என்னும் ஒரே சொல் இவற்றுள் பலவற்றிற்கும் வருவதால், எங்கும் 'க்காக' என எழுதிவிடும் பழக்கம் பெருகியுள்ளது.

நோக்கமும் விளைவும்
'செலவைக் குறைக்கும் நோக்கில் பாதை மாற்றப்பட்டது' என்னும் தொடர் எண்ணத்தை மட்டுமே கூறுகிறது. செலவு குறைந்ததா என்பதை அது கூறவில்லை. 'செலவு குறையும் வகையில் பாதை மாற்றப்பட்டது' என்பதோ விளைவையும் சுட்டுகிறது. 'பொருட்டு', 'நிமித்தம்' ஆகியன நோக்கத்தை உணர்த்தும் சொல்லுருபுகள். இவை எழுத்து வழக்கிற்குரியவை.

எண்ணத்திற்கும் விளைவிற்கும் உள்ள இடைவெளி சட்டத்தில் பெரிதாகிறது. பிறர் பையைத் தம்முடையது என்று கருதித் தவறுதலாக எடுத்துச் சென்றவர் திருடர் ஆகார். நேர்மையற்ற முறையில் எடுக்கும் உட்கருத்து இருந்தால்தான் அது திருட்டாகும். பை இடம்மாறியது என்னும் விளைவு இரண்டிலும் ஒன்றே.

தெளிவே முதன்மை
பொருள் மயக்கம் தரும் இடத்தில் குறுகிய வடிவத்தைத் தவிர்த்தல் நன்று. மேற்கண்ட அறிவிப்பைப் 'பச்சை விளக்கு எரிந்த பின்னரே கதவைத் திறக்கவும்' என எழுதினால் ஐயம் எழாது. ஒரு சொல் கூடுகிறது. ஒருவரின் கை காக்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்
1. 'மணி ஒலிக்கக் கயிற்றை இழுக்கவும்' – இத்தொடரின் இருவேறு பொருள்களை எழுதி, மயக்கம் நீங்கத் திருத்துக.
2. 'பயிற்சிக்குச் சென்றார்', 'பயிற்சிக்காகச் சென்றார்' – வேறுபடுத்துக.
3. உம் ஊரில் காணும் பொது அறிவிப்புகள் ஐந்தைத் தொகுத்து, அவற்றுள் நோக்கம் உணர்த்தும் வடிவங்களைக் கண்டறிக.