வாரியத்தைப் பிரித்தால் பில் குறையுமா?

கேள்வி: மின்வாரியத்தைப் பிரித்துக்கொண்டே இருக்கிறார்களே, கரண்ட் பில் எப்போது குறையும்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: இப்போதைக்குக் குறையாது. 1957-ல் பிறந்த வாரியத்தை 2010 நவம்பரில் உற்பத்தி-பகிர்மானம், தொடரமைப்பு என்று பிரித்தார்கள். 2024-ல் உற்பத்தியும் பகிர்மானமும் தனித்தனியாயின; பசுமை எரிசக்திக்கும் ஒரு நிறுவனம் வந்தது. பாகப்பிரிவினையால் கடன் கரைந்த குடும்பம் உண்டா? 2017-ல் மின் நிறுவனங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்து, 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசே ஏற்றது. நஷ்டம் மறுபடியும் குவிந்தது. 2014 டிசம்பருக்குப் பிறகு தொடாமல் வைத்திருந்த கட்டணத்தை 2022 செப்டம்பரில் ஒரேயடியாக ஏற்றினார்கள். தேர்தல் பயத்தில் தள்ளிப்போட்டதற்கு வட்டியோடு வசூல் என்பேன்.

பிரித்ததில் லாபமே இல்லையா? உண்டு. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவு வேறு, வழியில் இழப்பது வேறு என்று கணக்கு தெளியும். பழியை மாற்றிப் போட முடியாது.

ஆனால் அந்த நிலையத்திலிருந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்த நிலக்கரிச் சாம்பல் யார் கணக்கு? அந்த பில்லை எண்ணூர் மீனவர்கள்தான் கட்டுகிறார்கள், வலையில் மீன் குறைந்து. கட்டண மனு வந்தால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பில்லோடு சாம்பலையும் கேளுங்கள்.