நல்ல கைத்தொலைபேசி எது? – பெயரும் உழைப்பும் விருப்பமும்

கைத்தொலைபேசி வாங்கும் பேச்சு எழுந்தால் எமது கிராமங்களில் உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. “அப்பிளுக்கு நிகர் வேறொன்றில்லை” என்பது ஒரு கட்சி. “அந்த விலைக்கு இரண்டு சம்சுங் வாங்கலாமே” என்பது மற்றக் கட்சி. இவற்றுக்கு நடுவே, தனது பழைய நொக்கியா எத்தனை முறை விழுந்தும் உடையவில்லை என்று பெருமை பேசும் முதியவர் ஒருவரும் இருப்பார்.

இது வெறும் பொழுதுபோக்கு வாதமன்று. சாதாரண குடும்பமொன்று பல மாத உழைப்பை இக்கருவியில் இடுகின்றது. பிள்ளையின் பாடம், வங்கிக் கணக்கு, வெளிநாட்டில் உள்ள மகனின் முகம் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. எனவே, எதைக் கொண்டு ஒன்றை மற்றதனுடன் ஒப்பிடுவது என்பதைச் சற்று ஒழுங்காக ஆராய்வோம்.

1. இரு கேள்விகளைக் கலக்கலாகாது

“இது நீண்டகாலம் உழைக்குமா?” என்பது ஒரு கேள்வி. “இது எனக்குப் பிடிக்கிறதா?” என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குச் சான்று வேண்டும். இரண்டாவதற்குச் சான்று தேவையில்லை. நாமோ பிடித்ததை உழைப்பது என்கிறோம். பிடிக்காததைப் பழுதானது என்கிறோம்.

சான்று எனக் காட்டப்படுவனவற்றையும் சோதிக்க வேண்டும். “திருத்தும் கடையில் எந்நேரமும் சம்சுங்தான் கிடக்கிறது” என்பார்கள். ஓர் ஊரில் நூறு பேர் ஒருவகைத் தொலைபேசியையும் ஐந்து பேர் இன்னொரு வகையையும் வைத்திருந்தால், கடைக்கு எது அதிகம் வரும்? பழுதானவை எத்தனை என்பதை மட்டும் எண்ணினால் போதாது. பாவனையில் உள்ளவை எத்தனை என்பதையும் எண்ண வேண்டும். அவ்வாறே, அயலவரின் ஒரு தொலைபேசி எட்டு வருடம் உழைத்தது என்பது அந்த ஒரு தொலைபேசியின் கதையே அன்றி, அந்நிறுவனத்தின் வரலாறு அன்று.

2. இரு பெரிய நிறுவனங்கள், இரு பாடங்கள்

2016 ஓகஸ்ட் மாதத்தில் சம்சுங் நிறுவனம் ‘கலக்ஸி நோட் 7’ என்ற விலையுயர்ந்த மாதிரியை வெளியிட்டது. சில வாரங்களில் அவற்றுட் சில தீப்பற்றின. செப்டெம்பரில் ஏறத்தாழ 25 இலட்சம் தொலைபேசிகளை மீளப்பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. பதிலாகக் கொடுக்கப்பட்டவையும் தீப்பற்றியதால் ஒக்டோபரில் அம்மாதிரியின் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. 2017 ஜனவரியில், இரண்டு இலட்சம் தொலைபேசிகளையும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பற்றரிகளையும் சோதித்தபின், இரு வேறு வழங்குநர்களின் பற்றரிகளில் இரு வேறு குறைகள் இருந்தன என நிறுவனம் விளக்கமளித்தது.

அப்பிளின் கதை வேறு விதமானது. பற்றரி பழையதாகும்போது, அவசரமாக வேண்டிய மின்னை அதனால் கொடுக்க முடிவதில்லை. தொலைபேசி திடீரென நின்றுவிடும். இதைத் தவிர்க்க, பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் அப்பிள் குறைத்தது. ஆனால் பாவனையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. 2017 டிசெம்பரில் விடயம் வெளிப்பட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, ஐக்கிய அமெரிக்காவில் 79 டொலராக இருந்த பற்றரி மாற்றும் கட்டணத்தை 29 டொலராகக் குறைத்தது. தகவலை மறைத்தமைக்காக 2020 பெப்ரவரியில் பிரான்சில் இரண்டரைக் கோடி யூரோ தண்டமும் விதிக்கப்பட்டது.

இவற்றிலிருந்து மூன்று விடயங்களை அறியலாம். முதலாவது, பெரிய பெயர் எதுவும் பழுதுக்கு விதிவிலக்கன்று. இரண்டாவது, நிறுவனத்தை அன்றி மாதிரியையே சோதிக்க வேண்டும். மூன்றாவது, பழுது வந்தபின் நிறுவனம் எப்படி நடந்துகொண்டது என்பதும் நம்பகத்தன்மையின் ஒரு பகுதியே.

3. பற்றரியின் ஆயுள்

இரு நிகழ்வுகளிலும் பற்றரியே நடுநாயகம். அதன் ஆயுளை ‘மின்னேற்றச் சுற்று’ என்ற அளவால் கணிப்பர். இன்று அரைவாசி, நாளை அரைவாசி செலவழித்தால் அது ஒரு சுற்று. ஐபோன் 14 வரையான மாதிரிகளின் பற்றரிகள் 500 சுற்றுகளின் பின்னும், 15 முதலானவை 1,000 சுற்றுகளின் பின்னும் தம் கொள்ளளவில் 80 வீதத்தைப் பேணும்படி அமைக்கப்பட்டுள்ளன என்கிறது அப்பிள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி, குறைந்தது 800 சுற்றுகளைக் கோருகிறது. நாளொன்றுக்கு ஒரு சுற்று என்றால் அது இரண்டு வருடத்துக்குச் சற்று மேல்.

இப்பற்றரிகளின் பெரும் பகை வெப்பம். வெயிலில் நிற்கும் வாகனத்திலோ, தலையணைக்குக் கீழ் மின்னேற்றிக்கொண்டோ தொலைபேசியை வைப்பவர், எந்தப் பெயருடையதை வாங்கினாலும் அதன் ஆயுளைக் குறைக்கிறார்.

4. கண்ணுக்குத் தெரியாத ஆயுள்

கருவி உடையாமல் இருந்தாலும் அதன் மென்பொருள் முதுமையடையும். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்ற தொலைபேசியில் வங்கிக் கணக்கைப் பாவிப்பது, பூட்டில்லாத பெட்டியில் பணம் வைப்பது போன்றது. 2015 இல் வெளிவந்த ஐபோன் 6எஸ் மாதிரிக்கு 2021 வரை புதிய பதிப்புகள் கிடைத்தன. கூகிள் தனது பிக்சல் 8 (2023) முதலும், சம்சுங் தனது கலக்ஸி எஸ் 24 (2024) முதலும் ஏழு வருடத் திருத்தங்களுக்கு உறுதியளித்துள்ளன. மலிவான மாதிரிகள் பலவற்றுக்கு இக்காலம் குறைவு. இக்காலம் மாதிரி வெளிவந்த நாளிலிருந்தே எண்ணப்படும். நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று. மூன்று வருடம் பழைய மாதிரியைக் குறைந்த விலைக்கு வாங்குபவர் இதை மறக்கலாகாது.

5. விருப்பத்துக்கும் இடமுண்டு

விருப்பத்தை இழிவாகக் கருத வேண்டியதில்லை. கைக்கு அடங்கும் அளவு, எழுத்தின் பருமன், தமிழில் தட்டெழுதும் வசதி, வீட்டிலுள்ள மற்றவர்கள் அதே வகையைப் பாவிப்பதால் கிடைக்கும் உதவி ஆகியன நியாயமான காரணங்களே. ஆனால் யாருடைய விருப்பம்? தாய்க்கு வாங்கும் தொலைபேசியை மகன் தன் கண்ணுக்கும் தன் நண்பர்களின் மெச்சுதலுக்கும் ஏற்பத் தெரிவுசெய்தால், அதைப் பாவிக்கும்போது திணறுபவர் தாயே. பாவிப்பவரின் கையில் கொடுத்துப் பார்த்தபின் முடிவெடுப்பதே முறை.

6. வாங்குமுன் செய்யவேண்டியவை

• *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைக் குறித்துக்கொள்க. ஐ.எம்.ஈ.ஐ. என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளையும், இடைவெளி விட்டு அவ்வெண்ணையும் 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, கருவி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என அறிக.
• உத்தரவாதம் தருவது நிறுவனத்தின் முகவரா, கடைக்காரரா என எழுத்தில் பெறுக.
• திரையும் பற்றரியும் மாற்ற எவ்வளவு செலவாகும், அருகிலுள்ள பட்டணத்தில் அவை கிடைக்குமா எனக் கேட்க.
• திருத்தங்கள் எந்த ஆண்டு வரை கிடைக்கும் எனக் கேட்க. விலையை எஞ்சியுள்ள ஆண்டுகளால் பிரித்துப் பார்க்க. சில வேளைகளில், விலை கூடியதே ஆண்டுக்கணக்கில் மலிவாக அமையும்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் சங்க உறுப்பினர்கள் தற்போது பாவிக்கும் தொலைபேசிகளின் மாதிரி, வாங்கிய ஆண்டு, ஏற்பட்ட பழுது ஆகியவற்றைப் பட்டியலிடுக. அப்பட்டியல், உங்கள் ஊரில் நிலவும் அபிப்பிராயத்துடன் ஒத்துப்போகிறதா?
2. கடைசியாக வாங்கிய தொலைபேசியை உங்கள் வீட்டில் தெரிவுசெய்தவர் யார்? பாவிப்பவர் யார்?
3. தவணைமுறையில் வாங்கிய தொலைபேசி, தவணை முடியும்வரை உழைக்குமா? உழைக்காவிட்டால் அச்சுமை யார் தலையில் விழும்?