கஷ்ட காலத்தில் நன்றி சொல்வது எப்படி? யாழ்ப்பாணம் கற்றுத் தரும் பாடம்



"நன்றி" என்ற சொல் நம்ம லயங்களில் கொஞ்சம் வேறு மாதிரித்தான் காதில் விழும். நன்றி உள்ளவன் வாய் திறக்க மாட்டான், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவான் என்று பல தலைமுறையாகச் சொல்லிச் சொல்லியே நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். பெரட்டுக் களத்தில் ஒருத்தி கேள்வி கேட்டுவிட்டால், "நன்றி கெட்டவள்" என்ற பேர் உடனே வந்துவிடும்.

அதனால், எந்த நிலையிலும் நன்றி சொல்ல வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்கும்போது சிலருக்கு உள்ளுக்குள்ளே கோபம் வருவதும் உண்டு. அரைப்பேர் போட்ட நாளிலும் நன்றியா? கூரை ஒழுகுகிற ராத்திரியிலும் நன்றியா? பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த தாயும் நன்றி சொல்ல வேண்டுமா?

இவை நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் தேடத்தான் இந்தப் பாடத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பக்கம் போகிறோம். பாடம் கிறிஸ்தவ விசுவாசத்தை வைத்து எழுதப்பட்டது. ஆனாலும் சூரியனுக்குப் பொங்கல் வைத்து நன்றி சொல்கிற குடும்பங்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள விஷயம் உண்டு.

ஏன் யாழ்ப்பாணம்?

யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவம் இன்று நேற்று வந்ததல்ல. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து அங்கே கத்தோலிக்க மக்கள் இருக்கிறார்கள். 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து தெல்லிப்பழையில் வேலையைத் தொடங்கினார்கள். 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென்று விடுதிப் பள்ளிக்கூடமும் வந்தது. இப்படித் தலைமுறை தலைமுறையாக நன்றிப் பாட்டுப் பாடி வந்த மக்கள், யுத்த காலத்தில் வீட்டையும் ஊரையும் உறவுகளையும் இழந்தார்கள். அந்த நேரத்தில் நன்றி என்ற சொல்லுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பது நமக்குப் பிரயோசனம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 1977 இலும் 1983 இலும் நடந்த கலவரங்களில் அடிபட்டு, மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய நம்ம சனங்களும் பின்னாளில் அதே யுத்தத்தில் அகப்பட்டார்கள். ஆகவே இது யாரோ ஒருவருடைய கதை இல்லை.

அந்த ஆண்டுகளில் நடந்தது

1990 இல் யுத்தம் மறுபடியும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ரயில் நின்றது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி போன்ற சாமான்களுக்குத் தடை வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், வடக்கில் வாழ்ந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்தத் துயரத்தையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1995 யூலை 9 ஆம் திகதி, நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் தேடியிருந்த மக்கள் மீது விமானப் படையின் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி, படையினர் யாழ்ப்பாண நகரை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். லட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில், கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். கிழவர்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர்களும் உண்டு. சாவகச்சேரி, கொடிகாமம் பக்கத்துப் பாடசாலைகளும் கோயில்களும் தேவாலயங்களும் நிரம்பி வழிந்தன. அந்த வருஷத்து நத்தார் இடம்பெயர்ந்த இடத்திலேயேதான் வந்தது. 1996 ஏப்ரலுக்குப் பிறகுதான் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பினார்கள். மற்றவர்கள் வன்னிக்குள் போனார்கள்.

முதல் பாடம்: இருப்பதைக் கண்டுகொள்வது

அந்தத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு விளக்கு எரிந்தது. வெறும் ஜாம் போத்தல். அதற்குள்ளே கொஞ்சம் பஞ்சு, அதன் மேல் சில துளி மண்ணெண்ணெய், ஒரு திரி, அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் படித்து ஓ.எல்., ஏ.எல். பரீட்சை எழுதி, பிறகு வாத்தியாராக, டொக்டராக வந்தவர்கள் இருக்கிறார்கள். வானொலிக்குப் பற்றரி கிடைக்காதபோது சைக்கிளைக் கவிழ்த்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டார்கள். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தால் துணி தோய்த்தார்கள். சீனி வாங்க முடியாதபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். அந்தத் தேயிலை நம்ம மலையில் விளைகிற தேயிலைதான்.

பனை மரம் அதற்கு முன்னும் அங்கேதான் நின்றது. சவர்க்காரம் கடையில் மலிவாகக் கிடைத்தபோது அதன் பழத்தை யாரும் பெரிதாக எண்ணவில்லை. இல்லாமை வந்தபோதுதான் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கிறிஸ்தவ நன்றியின் முதல் படி இதுதான். துன்பம் நல்லது என்று சொல்வது நன்றி ஆகாது. துன்பத்தின் நடுவிலும் கடவுள் விட்டுவைத்தது என்ன என்று கண் திறந்து பார்ப்பதுதான் நன்றி. அது ஒரு மரமாக இருக்கலாம், அயல்வீட்டு அக்காவாக இருக்கலாம், இன்னும் வேலை செய்கிற இரண்டு கையாகவும் இருக்கலாம்.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், எந்த நிலையிலும் நன்றி சொல்வதை விட்டுவிட வேண்டாம் என்கிறார். அந்தக் கஷ்டத்தையே நல்லதென்று ஏற்றுக்கொள்ளும்படி அங்கே அவர் கேட்கவில்லை. குண்டுக்காக யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஒழுகுகிற கூரைக்காகவும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் பாடம்: அழுகைக்கும் இடம் உண்டு

நவாலியில் ஒவ்வோர் ஆண்டும் யூலை 9 அன்று இறந்தவர்களை நினைவுகூருகிறார்கள். நன்றிப் பலி நடக்கிற அதே தேவாலயத்தில்தான் அந்தக் கண்ணீரும் விழுகிறது. ஒன்றுக்காக மற்றொன்றை அவர்கள் விட்டுவிடவில்லை.

வேதாகமமும் அப்படித்தான். சங்கீத புத்தகத்தில் நன்றிப் பாட்டுகளும் இருக்கின்றன. ஆண்டவரே, எவ்வளவு காலத்துக்கு என்னை மறந்திருப்பீர் என்று முறையிடுகிற பாட்டுகளும் நிறைய இருக்கின்றன. புலம்பல் என்றே ஒரு புத்தகம் இருக்கிறது. யோபு கடவுளிடம் வாதாடினார். கடவுள் அவரைத் தள்ளிவிடவில்லை. யோபுவைத் தேற்ற வந்து, அவரையே குற்றம் சொன்ன சிநேகிதர்மேல்தான் கடவுளுக்குக் கோபம் வந்தது.

நம்ம பக்கத்திலும் இழப்பு உண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மண்சரிந்து லயங்களை மூடியது. அப்படி ஒரு இழப்பு நடந்த வீட்டுக்குப் போய், "நீயாவது தப்பினாயே, நன்றி சொல்லு" என்று சொல்லக்கூடாது. அந்தச் சொல் ஆறுதல் தராது, புண்ணைத்தான் கிளறும். அந்த வீட்டில் நாம் செய்ய வேண்டியது கூட உட்கார்ந்து அழுவது, அடுப்பு மூட்டிச் சாயத்தண்ணி வைத்துக் கொடுப்பது. நன்றி ஒரு நாள் தானாக வரும். வராவிட்டாலும் ஆண்டவர் அந்தத் தாயைக் கணக்குக் கேட்க மாட்டார்.

மூன்றாம் பாடம்: நன்றி வேறு, அடங்கிப் போவது வேறு

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. அப்போஸ்தலர் நடபடிகள் 16 ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக வாசித்துப் பாருங்கள்.

பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டிச் சிறையில் போட்டார்கள். நள்ளிரவில் அவர்கள் ஜெபம் பண்ணிப் பாடினார்கள். மற்றக் கைதிகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இடம் வரைக்கும் நாம் பல தடவை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அடுத்த நாள் காலையில் நடந்ததைத்தான் அதிகம் கேட்டதில்லை.

விடிந்ததும் அதிகாரிகள் ஆள் அனுப்பி, இவர்களைச் சத்தமில்லாமல் போகவிடச் சொன்னார்கள். பவுல் போக மறுத்துவிட்டார். நாங்கள் ரோமப் பிரஜைகள், விசாரிக்காமல் எல்லாருக்கும் முன்னால் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, நீங்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டார். அதிகாரிகள் பயந்துபோய் வந்து, தாழ்மையாகப் பேசி, வெளியே அழைத்துப் போனார்கள்.

பாருங்கள், இரவில் பாடியவரும் காலையில் நியாயம் கேட்டவரும் ஒரே ஆள்தான். பாட்டுப் பாடியதால் அவர் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. உரிமை கேட்டதால் அவர் நன்றி கெட்டவர் ஆகவும் இல்லை.

பிரஜாவுரிமை என்ற சொல் நமக்குப் புதிது இல்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம்ம தாத்தா பாட்டிமார் நாடற்றவர்கள் ஆக்கப்பட்டார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் ஒருவர் தெல்லிப்பழையைச் சொந்த ஊராகக் கொண்ட கிறிஸ்தவரான எஸ். ஜே. வி. செல்வநாயகம். அந்த விவகாரத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைமையோடு முரண்பட்டுப் பிரிந்து, 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. அத்தனை வருஷமும் தோட்டத்துக் கோயில்களில் நன்றிப் பாட்டும் நிற்கவில்லை, உரிமைக்கான கேள்வியும் நிற்கவில்லை.

ஆகவே கடவுளுக்குச் சொல்கிற நன்றியை மனிதருக்கு அடிமைச் சீட்டாக எழுதிக் கொடுக்க வேண்டாம். உழைத்த கூலி சலுகை அல்ல. அது கொடுக்க வேண்டிய கடன். கொழுந்து நிறுக்கும்போது கணக்குப் பார்ப்பதும், ஈ.பி.எப். பணம் சரியாகப் போகிறதா என்று விசாரிப்பதும் விசுவாசக் குறைவு ஆகாது.

வீட்டில் செய்து பார்க்க

1. இரவுச் சாப்பாட்டுக்கு முன், முதலில் அன்றைய கஷ்டத்தை ஒவ்வொருவரும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு அன்று கிடைத்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுங்கள். சின்னதாக இருந்தாலும் போதும். பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள்.

2. கடவுளுக்குச் சொல்லும் நன்றியோடு ஒரு மனிதருக்கும் நன்றி சொல்லுங்கள். பிள்ளைக்காம்பராவில் நம்ம குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, காய்ச்சல் நாளில் தண்ணி எடுத்து வைத்த அடுத்த காம்பரா அக்கா, வாசலில் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்ட தம்பி. வீட்டுக்காரர்களே, இரண்டு வேலை பார்க்கிற உங்கள் மனைவிக்கு நன்றி சொல்லி எத்தனை நாள் ஆகிறது? சொன்னால் மட்டும் போதாது, அடுப்படியிலும் ஒரு கை கொடுங்கள்.

3. பிடியரிசி என்ற பழைய வழக்கத்தை மறுபடி எடுங்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு டின்னில் போட்டு வையுங்கள். மாசக் கடைசியில் சுகமில்லாமல் வேலைக்குப் போகமுடியாத ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். இல்லாதவர்களுக்கும் கொடுக்கக்கூடிய நன்றி இது.

4. நியாயம் கேட்க வேண்டிய விஷயம் இருந்தால், அன்று இரவு அதற்காக ஜெபம் பண்ணுங்கள். காலையில் போய், மரியாதையாகவும் பயமில்லாமலும் கேளுங்கள்.

பேசிப் பார்க்கக் கேள்விகள்

1. பத்துக் குஷ்டரோகிகள் சுகமானபோது ஒருவர்தான் திரும்பி வந்தார் என்று லூக்கா 17 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர் ஒரு சமாரியர், அன்னியராக எண்ணப்பட்டவர். நம்ம தோட்டத்தில் நாம் அன்னியராக நினைக்கிறவர் யார்? அவரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?

2. நம்ம வீட்டில் யாழ்ப்பாணத்துப் பனை மாதிரி, பக்கத்திலேயே நின்றும் நாம் கவனிக்காமல் இருப்பது எது?

3. நன்றி கெட்டவர் என்று பேர் வந்துவிடுமோ என்று பயந்து நாம் கேட்காமல் விட்ட நியாயம் எது?

கடைசியாக ஒன்று. நற்கருணைக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயருக்கு "நன்றி சொல்லுதல்" என்றுதான் அர்த்தம். காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவிலே இயேசு அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, பிட்டு, எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்தார். துரோகம் நடந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும். அதைத் துரோகம் என்று சொல்லவும் செய்தார். அப்படியும் கையில் இருந்த அப்பத்துக்காக நன்றி சொன்னார், அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவும் இல்லை. இந்த வாரம் நம்ம வீட்டு ரொட்டியையும் அப்படிப் பிட்டுச் சாப்பிடுவோம்.