சர்வருக்கு வணக்கம் சொன்ன பையன்

அன்புள்ள தம்பிக்கு,

சர்வர் அறைச் சாவி கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் "ஆளுக்கொரு பைத்தான் கேட்கிறார்கள் சார், எல்லாவற்றையும் பூட்டிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறாய். பூட்டாதே. நான் பூட்டிப் பார்த்தவன்.

வேலை பார்த்த ஓர் இடத்தில், நான் போட்டதைத் தவிர எதுவும் கூடாது என்று சட்டம் போட்டேன். ஒரு மாணவர் தனக்கு வேண்டிய லைப்ரரியைத் தன் ஹோம் ஃபோல்டரிலேயே கம்பைல் செய்துகொண்டார். மற்றவர்கள் சத்தமில்லாமல் அந்த ஃபோல்டருக்கே பாதை வைத்துக்கொண்டார்கள். அவர் பட்டம் வாங்கிப் போனதும் வழக்கம்போல அவர் அக்கவுண்டை நீக்கினேன். அன்று இரவே மூன்று பேருடைய ஜாப் செத்தது. என் சட்டத்தால் யாரும் மாறவில்லை. எங்கே என்ன ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாமல் போனதுதான் மிச்சம்.

அதற்காக அப்படியே திறந்து விட்டுவிடாதே. இன்னொரு பையன் ஃபைல் காப்பி ஆகவில்லை என்று வந்தான். லாகின் ஆகிறது, ஜாப் ஓடுகிறது, ஃபைல் அனுப்பும் எஸ்சிபி மட்டும் ஏதோ உளறிவிட்டு நிற்கிறது. நெட்வொர்க், ஃபயர்வால், டிஸ்க் என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் அவனுடைய பாஷ்ஆர்சி என்ற தொடக்க ஃபைலைத் திறந்தால் முதல் வரியில் ஓர் எக்கோ: "வணக்கம்! இன்றும் நல்ல நாள்." காப்பி செய்யும் புரோகிராம் அந்த வணக்கத்தைத் தனக்கு வந்த பதில் என்று எடுத்துக்கொண்டு குழம்பியிருக்கிறது. கோபம் வரவில்லை. மனுஷன் தன் வீட்டு வாசலில் கோலம் போட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

தொடக்க ஃபைலில் யூசர்கள் கைவைப்பது பழைய தலைவலி. ஜான் ஃபர்லானி 1991இல் மாட்யூல்ஸ் என்ற கருவியைப் பற்றிக் கட்டுரை எழுதியதே இதற்காகத்தான். யூசர்கள் தங்கள் தொடக்க ஃபைலில் பாதைகளை எழுதி வைப்பார்கள், நிர்வாகி எதையாவது இடம் மாற்றினால் எல்லாம் உடையும். மாட்யூல் லோட் என்றால் அந்த செஷனுக்கு மட்டும் பாதை மாறும். அன்லோட் செய்தால் பழையபடி ஆகிவிடும். திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கிய பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள், 838 டெராஃப்ளாப்ஸ் மெஷின். அந்த மாதிரி மெஷினில் வானிலைக்காரருக்குப் பழைய கம்பைலர் வேண்டும், பக்கத்துத் துறைக்குப் புதியது வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

யூசருக்குத் தன் சொந்த மாட்யூல் ஃபோல்டர் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடு. மாட்யூல் யூஸ் என்ற ஒரு வரி போதும். ரூட் இல்லாமலே இன்ஸ்டால் செய்ய ஸ்பேக் இருக்கிறது. ஒவ்வொரு பதிப்பும் தனித்தனி டைரக்டரியில் உட்காரும். பைத்தான்காரர்கள் பயன்படுத்தும் கோண்டாவில் மட்டும் கண் வை. ஓர் என்விரான்மென்டுக்குள் பல்லாயிரம் பொடி ஃபைல்கள் இருக்கும். பொது டிஸ்க் இடம் தீர்வதற்கு முன்பே ஃபைல் எண்ணிக்கையில் திணறும். அதனால் கோட்டாவை ஜிபியில் மட்டும் அல்ல, எண்ணிக்கையிலும் போடு. நீ போட்ட பழைய பதிப்பை முன்னறிவிப்பு இல்லாமல் எடுக்காதே. தீசிஸ் எழுதும் பெண்ணுக்கு முன்பு வந்த அதே விடை மறுபடி வர வேண்டும்.

சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன், தோல் பதனிடும் ஷாப்பைச் சொல்லாமல் எப்படி? ஆம்பூர்ப் பக்கம் டிரம்முக்குள் எந்தக் கெமிக்கல் எவ்வளவு என்பது அந்தந்த முதலாளியின் ரகசியம். ஆனால் குரோம் தண்ணீரைத் தனியாகப் பிரிக்காமல் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு விடக் கூடாது. உன் மெஷினில் லாகின் நோடும் பொது டிஸ்க்கும்தான் அந்தப் பொதுக் குழாய். ஹோம் ஃபோல்டர் அவரவர் டிரம்.

யூசர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுது. முடித்ததும் எனக்கு அனுப்பு. எக்கோ சமாசாரத்தை அதில் முதலில் போடு.

அன்புடன்,
உன் பழைய சார்