மைத்துனரின் பிரேக்கும் உங்கள் பிரேக்கும்

கேள்வி: நானும் என் மைத்துனரும் நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் ஒரே மாடல் கார் வாங்கினோம். நான் நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி வழியாக நெய்வேலிக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். 62,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இன்னும் கம்பெனியில் வந்த பிரேக் பேடுதான். மைத்துனர் நெய்வேலி டவுன்ஷிப்புக்குள்ளேயே ஓட்டுபவர். 24,000-த்திலேயே முன் பேடுகளை மாற்றிவிட்டார். என் வண்டியைப் பார்த்த மெக்கானிக், "பேடு 4 மில்லிமீட்டர் இருக்கு, டிஸ்க் 20.8 இருக்கு. ரெண்டையும் சேர்த்து மாத்திடுங்க சார்" என்கிறார். டிஸ்க்கின் மேல் குறைந்தபட்சம் 20 என்று பொறித்திருக்கிறது. பேடுக்கும் டிஸ்க்குக்கும் உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஆயுள்?

— ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: அளவுகளோடு கேள்வி அனுப்பும் வாசகர்கள் குறைவு. "பிரேக்கில் ஏதோ சத்தம், என்ன செய்யலாம்?" என்றுதான் பெரும்பாலும் வரும். நீங்களோ மில்லிமீட்டர் கணக்கும் கொடுத்து, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மைத்துனரையும் கொடுத்திருக்கிறீர்கள். நன்றி.

முதலில் ஒரு நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிடுவோம். இன்ஜின் ஆயிலைப் போல பிரேக் பேடுக்கும் ஒரு கிலோமீட்டர் கணக்கு உண்டு, 30,000 ஓடினால் மாற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஆயிலுக்கு 'மாற்று' என்று இருக்கும் கட்டத்தில், பேடுக்கு 'பரிசோதி' என்றுதான் இருக்கும். காரணம் எளியது. வண்டி ஓடும்போது பேடு தேய்வதே இல்லை என்று சொல்லலாம். நீங்கள் நிறுத்தும்போதுதான் தேய்கிறது. ஓடோமீட்டர் ஓடியதை எண்ணுகிறது, நிறுத்தியதை எண்ணுவதில்லை.

பேடு என்பது ஓர் இரும்புத் தகட்டின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டை. உலோகத் தூள், நார், கிராஃபைட் போன்றவற்றைப் பிசினோடு கலந்து, அழுத்திச் சுட்டு எடுப்பார்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. அந்தத் தட்டை இருபுறமும் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் இடுக்கி போன்ற பாகம் கேலிப்பர். பிரேக்கை மிதித்தால் வண்டியின் வேகம் முழுவதும் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வெப்பமாக மாறுகிறது. பேடு தேய்வது அந்த வெப்பத்துக்குக் கொடுக்கும் விலை.

எவ்வளவு வெப்பம்? ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் சுமார் 247 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 90 டிகிரிக்குக் கொண்டுபோகும் சூடு அது. வீட்டில் அத்தனை பேருக்கும் காபி போடலாம். அதே கார் 40-லிருந்து நின்றால் 62 கிலோஜூல்தான். வேகம் பாதியானால் வெப்பம் கால்பங்காகிவிடும்.

அப்படியானால் டவுன்ஷிப்புக்குள் மெதுவாகப் போகும் மைத்துனரின் பேடுதானே அதிக நாள் தாங்கியிருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எத்தனை முறை நிறுத்துகிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிளாக் பிளாக்காகப் பிரித்து, நேர்க்கோடு போட்டுத் தெரு அமைத்த ஊர் நெய்வேலி. தெருவுக்குத் தெரு குறுக்குச் சந்திப்பு, நடுவில் வேகத்தடை, ஷிப்ட் விடும் நேரத்தில் சைக்கிளும் பைக்கும். கிலோமீட்டருக்கு இரண்டு தடவை 40-லிருந்து நிற்கிறார் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 124 கிலோஜூல். நீங்கள் ஒரு பக்கப் பயணமான 35 கிலோமீட்டரில், பண்ருட்டி நெரிசல், கரும்பு டிராக்டர், ரயில்வே கேட் எல்லாம் சேர்த்து ஆறு முறை 80-லிருந்து நிற்கிறீர்கள் என்றால், கிலோமீட்டருக்கு 42 கிலோஜூல். உங்களைப் போல அவர் மூன்று மடங்கு.

இப்போது பேடைப் பார்ப்போம். புதிதாக 10 மில்லிமீட்டர் என்று கொண்டால், நீங்கள் 62,000-த்தில் 6 மில்லிமீட்டர் தேய்த்திருக்கிறீர்கள். அவர் 3 மில்லிமீட்டரில் மாற்றியிருந்தால், 24,000-த்தில் 7. கிலோமீட்டருக்கு அவருடைய தேய்மானமும் மூன்று மடங்கு! கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தியது தற்செயல்தான், அதை வைத்து மைத்துனரிடம் வாதாட வேண்டாம். ஆனால் போக்கு சரி.

இதில் ஓட்டுபவரின் காலுக்கும் பங்கு உண்டு. வேகத்தடையைத் தூரத்திலேயே பார்த்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரைக் குறைத்துப் போகிறவருக்கு இன்ஜினே பாதி பிரேக் போட்டுக் கொடுக்கும். அருகில் வரும்வரை முடுக்கி, கடைசி நொடியில் மிதிப்பவருக்குப் பேடு மட்டும்தான். கரும்பு அரவைப் பருவத்தில் உங்கள் ஊர்ச் சாலையில் டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னால் போகும்போது இடைவெளி விட்டுப் போங்கள். ஒட்டிக்கொண்டே போனால் பேடு தேயும், கரும்பும் கண்ணாடிமேல் விழும்.

அடுத்து டிஸ்க். பேடு மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும் என்பது விதி இல்லை. பொதுவாக இரண்டு மூன்று செட் பேடுக்கு ஒரு டிஸ்க் தாங்கும். தீர்ப்புச் சொல்வது அதன் மேல் பொறித்திருக்கும் அந்தக் குறைந்தபட்சத் தடிமன்தான். அதற்குக் கீழே போன டிஸ்க் வெப்பத்தை ஏந்த முடியாமல் சீக்கிரம் கொதித்துவிடும், விரிசலும் விடலாம். அளக்கும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. பேடு படாத வெளி விளிம்பு தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும். சாதாரண வெர்னியரை வைத்தால் அது வரப்பின் தடிமனைத்தான் சொல்லும். உங்கள் மெக்கானிக் மைக்ரோமீட்டர் வைத்துத் தேய்ந்த இடத்தில் அளந்தாரா என்று கேளுங்கள்.

அளந்தார் என்றே கொள்வோம். புதியது 22 என்றால் 1.2 மில்லிமீட்டர் போயிருக்கிறது, அதாவது 10,000 கிலோமீட்டருக்குச் சுமார் 0.2. பேடு 10,000-த்துக்கு 1 மில்லிமீட்டர் தேய்கிறது. 3-ல் மாற்றுவது என்றால் இன்னும் 10,000 கிலோமீட்டர், உங்கள் ஓட்டத்தில் ஏழெட்டு மாதம். அப்போது டிஸ்க் 20.6-க்கு வந்திருக்கும். அதன் மேல் புதுப் பேடு போட்டால், அந்தப் பேடு பாதி தேய்வதற்குள் டிஸ்க் 20-ஐத் தொட்டுவிடும். ஆகவே மெக்கானிக் சொன்னது சரி, சொன்ன நேரம்தான் முந்திவிட்டது. இன்று எதையும் மாற்ற வேண்டாம். மெலிந்த பேடு சீக்கிரம் சூடாகும் என்பதால் நாலு மாதத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இடது வலது இரண்டு சக்கரத்துக்கும் ஒன்றாக மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. புதுப் பேடு போட்ட முதல் 200, 300 கிலோமீட்டருக்கு முரட்டுத்தனமாக மிதிக்காதீர்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன்பே 'கீச்' என்று தொடர்ந்து சத்தம் கேட்டால் காத்திருக்க வேண்டாம். பல பேடுகளில் ஒரு சின்னத் தகட்டு நாக்கு வைத்திருப்பார்கள். பேடு மெலிந்ததும் அது டிஸ்க்கை உரசிக் கத்தும். அதையும் அலட்சியப்படுத்தினால் 'கரகர' என்று இரும்போடு இரும்பு தேயும், டிஸ்க் வீணாகும். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் வரும் கரகரப்பு வேறு. டிஸ்க்கில் இரவோடு இரவாகப் படிந்த மெல்லிய துரு அது. கடல் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பழகிய சத்தம்தான்.

கேட்காத ஒன்றுக்கும் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேடு தேயத் தேய கேலிப்பரின் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். அந்த இடத்தை நிரப்பப் போவதால் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் கொஞ்சம் இறங்கும். ஆயில் குறைந்துவிட்டது என்று மேல்கோடு வரை ஊற்றிவிடாதீர்கள். புதுப் பேடு போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் அது வழிந்து பெயின்ட்டைத் தின்னும். கீழ்க்கோட்டுக்கும் கீழே போனால் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர்தான் ஆயில், உண்மையில் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நான்கு வருடமாக உங்கள் வண்டியில் மாற்றவில்லையென்றால், டிஸ்க்கை விட அதுதான் அவசரம்.

கடைசியாக, சக்கரத்தின் ஆரங்களுக்கிடையே எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப் பேடு மட்டும். கேலிப்பர் நகர உதவும் 'பின்' (pin) துருப்பிடித்து இறுகினால் உள் பேடு தனியாகத் தேய்ந்துபோகும். வெளியே 4 இருக்கும்போது உள்ளே 2 இருக்கக்கூடும். மெக்கானிக் சொன்ன அந்த 4 எந்தப் பேடில் அளந்தது என்று கேட்டுவிடுங்கள். உள் பேடிலும் அதே அளவு இருந்தால்தான் நான் மேலே போட்ட கணக்கெல்லாம் செல்லும்.