மலையேறும் பழைய ஜீப்புக்கு

தேவாரம், போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் பழைய பெட்ரோல் ஜீப், பிக்கப் ஓட்டுவோருக்கு:

● போடிமெட்டு ஏறி நிறுத்தியபின் ஸ்டார்ட் ஆகவில்லையா? சூட்டில் கார்புரேட்டர் பெட்ரோல் கொதித்திருக்கும். சோக்கை இழுக்காதீர்கள். பானெட்டைத் திறந்து கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடலாம். பிறகு ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள்.

● செல்ஃப் திணறிச் சுற்றினால் பேட்டரி முனை, எர்த் வயரைப் பாருங்கள்.

● பெட்ரோல் முள் அசையவில்லையா? முதலில் ஃபியூஸ், டேங்க் எர்த் வயர். அவை சரியென்றால், மீட்டருக்குப் பின்னால் டேங்க்கிலிருந்து வரும் வயரைக் கழற்றுங்கள். சாவி போட்டு, மீட்டரில் அந்த வயர் இருந்த முனையிலிருந்து பாடிக்கு ஒரு நொடி எர்த் கொடுங்கள். முள் ஓடினால் மீட்டர் நல்லது. கோளாறு வயரிலோ டேங்க் மிதவையிலோ.

● கொண்டை ஊசி வளைவில் முள் ஆடும். சமதளத்தில் பாருங்கள்.